குறிப்புச்சட்டகத்தில் போட்ட சிவப்பு வட்டம்

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் இரண்டு சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்று, வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்களின் கடகடப்பு. இன்னொன்று, தேர்தல் காலத்தில் மட்டும் தெருவுக்குள் நுழையும் ஆட்டோ மைக். இரண்டும் சேர்ந்து ஓடும்போது "உங்கள் பொன்னான வாக்குகளை" என்பதற்கு அப்புறம் யாருக்கு, எந்தச் சின்னத்துக்கு என்பது ஒருவர் காதிலும் விழாது. விழவேண்டிய அவசியமும் இல்லை. யார் வீட்டு ஓட்டு யாருக்கு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்று உரக்கச் சொல்லி, எதிர்வீட்டோடு சண்டையும் போட்டுவிட்டு, அதே எதிர்வீட்டில் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருகிற தெரு அது.

ராஜபாளையத்தில் நான் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். வரலாறும் அரசியல் அறிவியலும் உள்ள பிரிவு. கணக்கு வராதவர்களைத் தள்ளிவிடுகிற இடம் என்று அதற்கு ஒரு பெயர் இருந்ததால், எங்களுக்கும் ஏதோ வரும் என்று காட்ட எனக்குள் ஓர் அரிப்பு எப்போதும் இருந்தது. அப்பா ஒரு கட்சியில் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எந்தக் கட்சிக்காரர் வீட்டிலும் இது நடந்திருக்கும். எங்கள் வீட்டு மேஜையில் என் புத்தகங்களைவிட வாக்காளர் பட்டியல்கள்தான் அதிகம் கிடக்கும். அப்பா அதில் குறி போடுவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பச்சை "டிக்" போட்டால் நம்ம வீடு, சிவப்பு வட்டம் போட்டால் அடுத்த கட்சி வீடு, கேள்விக்குறி என்றால் இன்னும் இரண்டு நடை போய்ப் பேசவேண்டிய வீடு.

அந்த வருஷம் நகராட்சித் தேர்தலுக்கு முந்தின மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கப்போகிற மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னை அனுப்புவதாக முடிவானது. தலைப்பு, "ஆட்சியும் கட்சியும்: மக்களின் எதிர்பார்ப்பு". அரங்கில் முதல் அரை மணி நேரம் குறிப்புச்சட்டகம் எழுத வேண்டும், பிறகுதான் கட்டுரை. குறிப்புச்சட்டகம் என்றால் தமிழ்ப் பரீட்சை எழுதிய எவருக்கும் தெரியும். முன்னுரை, உள்தலைப்புகள் நாலைந்து, முடிவுரை என்று எலும்புக்கூடு போட்டுவிட்டு அப்புறம் சதை வைப்பது. மரம் வளர்ப்போம் என்றாலும் சாலைப் பாதுகாப்பு என்றாலும் "இன்றைய காலகட்டத்தில்" என்று தொடங்கி "நாமும் பாடுபடுவோமாக" என்று முடித்துவிட்டால் பாதி மதிப்பெண் வந்துவிடும். நானும் அப்படித்தான் ஒரு சட்டகத்தை ஐந்தே நிமிஷத்தில் எழுதி எஸ்தர் டீச்சரிடம் நீட்டினேன். எங்களுக்கு அரசியல் அறிவியல் எடுத்தவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பார்த்து, "இம்புட்டும் புத்தகத்துல இருக்கு. புத்தகம் எங்கிட்டயே இருக்கு. ஒந் தெருவுல என்ன பேசுறாங்கன்னு ஒரு தலைப்பு போட்டுட்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தெருவின் குரல்" என்று நான்காவது உள்தலைப்பு அப்படித்தான் வந்தது. நான்கு நாள் சாயங்காலம் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு, அம்மா "ஏட்டி, ஒனக்குக் காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கத்திக்கொண்டே இருப்பாள். யாரும் மூடி மறைத்துப் பேசவில்லை. தெலுங்கு பேசும் லட்சுமம்மா "ராம்மா, கூர்ச்சோ" என்று உட்காரவைத்து, அப்புறம் சுத்தமான தமிழில் இரண்டு கட்சியையும் திட்டித் தீர்த்தார். கேட்டதை எல்லாம் எழுதினேன். கதவிலக்கம், பெயர், அவர்கள் சொன்ன வாக்கியம். ஓரத்தில், யார் எந்தப் பக்கம் என்று கட்டுரை எழுதும்போது சட்டென்று தெரிய வேண்டுமே என்பதற்காக, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் குறியும் போட்டேன். பச்சை டிக், சிவப்பு வட்டம், கேள்விக்குறி. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் அடிக்கோடோ நட்சத்திரமோ போட்டிருக்கும். நான் அப்பாவின் பிள்ளை.

நாலாம் நம்பர் வீட்டில் செல்வராணி அக்கா இருந்தார். கணவர் கேரளாவில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அக்கா பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நைட்டி தைத்துப் பிழைத்தார். தளவாய்புரத்தில் வெட்டிய துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தெருவில் இறக்கி, தைத்ததை எடுத்துப் போக ஓர் ஏஜெண்டு வருவார். அக்காவின் தையல் அவ்வளவு நேர்த்தி, அவருடைய மூட்டைதான் எப்போதும் முதலில் இறங்கும். நான் போனபோது மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

"ஓங்கப்பா நல்ல மனுசருதான் தாயி. ஆனா இந்தத் தடவ அவிய கட்சிக்குப் போடமாட்டேன். போன எலக்சனுக்குக் கொழாய் வரும்னாங்க, கொடம் தூக்கி எனக்கு இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். எழுதிக்கோ. எம்பேரையே போட்டு எழுதிக்கோ, எனக்கென்ன பயம்?"

கட்டுரைக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு எழுத்து விடாமல் எழுதி, பக்கத்தில் அழகாக, கொஞ்சம் பெரிதாகவே, சிவப்பு வட்டம் போட்டேன்.

மறுநாள் காலை தாள் மேஜைமேல் கிடந்தது. பட்டியல் வாங்க வந்த நாகராஜன் மாமா அதை எடுத்துப் பார்த்தார். அப்பாவுக்குக் கட்சியில் வலதுகை அவர்தான். தெருவுக்கு நைட்டி மூட்டை கொண்டுவருகிற ஏஜெண்டும் அவர்தான். "அடேயப்பா! அண்ணாச்சி, நம்ம ஆளுக பத்துப் பேரு சேந்து எடுத்தாலும் இம்புட்டு சுத்தமா எடுக்க மாட்டாங்க" என்றார். அப்பா வாங்கிப் பார்த்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம்புள்ள எடுத்தது" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது பள்ளிக்கூடக் கட்டுரைக்கு, கட்சிக்கு இல்லை என்று ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் விட்டேன் என்றால்கூட மன்னிக்கலாம். அப்பா என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதை ஒரு வரியில் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நாகராஜன் மாமா கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "பாப்பா பெரிய ஆளா வரும்" என்று தலையைத் தடவிவிட்டும் போனார்.

அடுத்த மூட்டை நாலாம் நம்பர் வீட்டில் இறங்கவில்லை. அதற்கடுத்ததும் இறங்கவில்லை. அக்கா கேட்டதற்கு நாகராஜன் மாமா முகத்தைப் பார்க்காமல், "ஆர்டர் கம்மி. பொறவு பாப்போம்" என்று சொன்னாராம். அக்கா வீட்டு மெஷின் நின்றுபோனது எனக்கு மட்டும் இடியாகக் கேட்டது. தண்ணீர் குடிக்கப் போவேன், பாதியில் வாசலுக்கு ஓடுவேன், நாலாம் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஒருவேளை நிஜமாகவே ஆர்டர் கம்மியோ என்று மற்ற வீட்டு மூட்டைகளை எண்ணிப் பார்ப்பேன். அவை எப்போதும்போல் வந்தன. ஒரு நாள் மத்தியானம் நாகராஜன் மாமா அப்பாவிடம் சிரித்துக்கொண்டே, "நமக்கு ஓட்டுப் போடாதவளுக்கு நாம எதுக்கு அண்ணாச்சி வேல குடுக்கணும்?" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. "பொம்பளப் பொழப்புல கைய வைக்காதப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது, ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

சட்டகத்தை நான் மறுபடி மறுபடி எழுதினேன். "தெருவின் குரல்" ஒரு தடவை மூன்றாவதாக வரும், ஒரு தடவை கடைசிக்குப் போகும், ஒரு தடவை செல்வராணி அக்காவின் பெயர் இல்லாமல் "ஒரு பெண்மணி" என்று வரும். எத்தனை தடவை எழுதினாலும் அந்த இடத்துக்கு வரும்போது பேனா நின்றுவிடும், நான் எழுந்துவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலையில் பஸ் ஏறினோம், நானும் எஸ்தர் டீச்சரும். டீச்சர் ஜன்னலோரத்தில் ஜபம் பண்ணிக்கொண்டு வந்தார், நான் பஸ் எங்காவது பழுதாகி நின்றால் தேவலை என்று வேண்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அரங்கில் மணி அடித்ததும் எல்லோரும் குனிந்து எலும்புக்கூடு போட ஆரம்பித்தார்கள். நானும் போட்டேன். முன்னுரை, கட்சி என்பது யாது, ஆட்சி என்பது யாது. நான்காவது இடம் வந்தது. அக்கா சொன்னதை எழுதினால், அதற்கப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும். அதை எழுதினால் அப்பாவை எழுத வேண்டும், அப்பாவை எழுதினால் என்னை எழுத வேண்டும். கூட்டம் நிறைந்த அந்த அரங்கில் நான் "இளைஞர்களின் கடமை" என்று நான்காவது தலைப்பைப் போட்டேன். நாமும் பாடுபடுவோமாக என்று முடித்தேன். அதற்கு ஆறுதல் பரிசும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் எஸ்தர் டீச்சர் என் சட்டகத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். "தெருவ எங்க விட்ட?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரிசு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து அவர் எனக்கு ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பொட்டலத்தோடு நேராக நாலாம் நம்பர் வீட்டுக்குத்தான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று போகவில்லை. கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் போனேன். மெஷின்மேல் பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தார். அக்கா முகம் மலர்ந்து, "பரிசா? எங்க தெருவுப் புள்ள!" என்று கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"நாஞ் சொன்னத எழுதுனியா தாயி?"

எல்லாவற்றையும் சொன்னேன். தாளை, குறியை, ஜெராக்ஸை, நான் வாய் திறக்காமல் நின்றதை. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுகூட நினைத்தேன். அவர் உள்ளே போய் மூலையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து வந்தார். தோள்பட்டையில் பிரித்துத் தைத்து, மறுபடி பிரித்துத் தைத்து, நூல் போன தடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது.

"எந் தையல்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன் தாயி. பத்து நாளா இதயே பிரிச்சுப் பிரிச்சுத் தச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார், அந்தக் கேள்வி எனக்கா அவருக்கா என்று தெரியாத குரலில். மறுநாளே நாகராஜன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டில் மூட்டையை இறக்கவைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் தளவாய்புரத்துக்குத் தானே பஸ் ஏறிப் போய், வேறொருவரிடம் துணி வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து தைத்தார். என்னோடு எப்போதும்போலப் பேசினார். பள்ளிக்கூடம், சினிமா, மகளின் சடங்கு, எல்லாம் பேசினார். கட்சிப் பேச்சு மட்டும் அந்த வீட்டில் நின்றது. விஷயம் கசிந்து தெரு முழுக்கப் பரவியபோது மற்ற வீடுகளிலும் நின்றது. அடுத்த தேர்தலுக்கு அப்பா ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒரு வீட்டிலும் சண்டை இல்லை. "ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களிடமும் அதையேதான் சொன்னார்கள். அப்பா அந்தத் தடவை பட்டியலில் கேள்விக்குறி தவிர வேறு எதுவும் போட முடியாமல் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்தேன்.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குக் கட்டுரைச் சட்டகம் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். பெயர் எழுதாதே, கதவிலக்கம் எழுதாதே, குறி போடாதே என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அவ்வளவு எச்சரிக்கையும் வீண். பிள்ளைகள் தெருவுக்குப் போய்விட்டு வந்து, "எல்லாக் கட்சியும் நல்லாத்தான் செய்யுதுன்னு சொல்றாங்க மிஸ்" என்று இருபது வீட்டுக்கும் ஒரே வரியைக் கொண்டுவருகிறார்கள். ஊருக்கு ஊர் அதற்கு வேறு வேறு காரணம் இருக்கும். எங்கள் தெருவின் காரணம் எனக்குத் தெரியும்.

போன தேர்தல் சமயத்தில் ராஜபாளையம் போயிருந்தபோது செல்வராணி அக்காவைப் பார்த்தேன். மெஷின் இல்லை, மகள் கல்யாணமாகி மதுரையில் இருக்கிறாள். காபி கொடுத்து வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த உறுத்தல் அடங்கவில்லை. விடைபெறும்போது, சும்மா கேட்பதுபோல, "இந்தத் தடவ யாருக்குக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என் தோளைத் தட்டிச் சிரித்தார். அன்பான சிரிப்புதான்.

"ஒனக்கு யாரு வேணும்னு சொல்லு தாயி. அவியளுக்கே போட்டுருதேன்."