வேரா கேதீஸ்வரனொவ்னா

1978ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின கிழமை, கேதீஸ்வரன் ஃபோர்மனிடம் போய் மூன்று கிழமை லீவு கேட்டான். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஐஸ்கிரீம் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே குளிர் அறைகளின் கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நாலு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்தவனல்ல.

“எங்கே போகிறாய், உன் ஊருக்கா?” என்று கேட்டார் ஃபோர்மன்.

“லெனின்கிராட்டுக்கு.”

“ரஷ்யாவுக்கா! அங்கே யார் இருக்கிறார்கள்?”

“என் மனைவி. மகள்.”

ஃபோர்மன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தினமும் தன் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற மனிதன் ஒரு தனிக்கட்டை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கேதீஸ்வரன் ஒளித்து வைத்தவனில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் தொடங்கலாம். அவன் தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். இடதுசாரிக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பவர். 1964இல் மகனுக்கு சோவியத் ஸ்கொலர்ஷிப் கிடைத்தபோது அவர் கால் நிலத்தில் படவில்லை. படிப்பு, குளிரூட்டும் எந்திரங்களைப் பற்றியது. கேள்விப்பட்டவர்கள் சந்தியில் நின்று சிரித்தார்கள்: “மாஸ்டற்றை பெடியன் ஐஸ் செய்யப் படிக்க ருஷ்யாவுக்குப் போறானாம். அங்கை வாளித் தண்ணியை வெளியிலை வைச்சாலே காணுமே!”

போய் இறங்கிய வருஷம் அவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நவம்பரில் லெனின்கிராட்டின் நேவா ஆறு உறைந்தது. தோல் அடி வைத்த கொழும்புச் சப்பாத்தோடு வகுப்பை விட்டு வெளியே வந்தவன், படிக்கட்டின் கீழ் பனியில் வழுக்கி மல்லாக்க விழுந்தான். பின்னால் வந்த பெண் கை கொடுத்தாள். அவன் எழுவதற்குப் பதில் அவளும் விழுந்தாள். மூன்று மாதமாக ஒரே வகுப்பில் இருந்தும் ஒரு சொல் பேசாத இருவரும் நிலத்தில் கிடந்தபடி சிரித்தார்கள். அவள் பெயர் கலீனா. மறுநாள் அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், கம்பளிச் சப்பாத்து வாங்கவைத்தாள்.

ஐந்து வருஷம் அவர்கள் அந்த நகரத்தை நடந்தே தீர்த்தார்கள். மழைக்கு மியூசியம், குளிருக்கு நூலகம், பசிக்கு பிஷ்கி கடை. பிஷ்கி என்பது எண்ணெயில் பொரித்து மாச்சீனி தூவிய பண்டம். நடுவில் ஓட்டை இருக்கும். இங்கே உளுந்துவடைக்குச் சீனி போட்டுத் தின்கிறார்கள் என்று வீட்டுக்கு எழுதினான்.

1969இல் கல்யாணம். கலீனாவின் தகப்பன் நிக்கலாய் வரவில்லை. அவர் மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலைக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான்; இராணுவத்துக்கு இரகசியமாக வேலை செய்யும் இடம். வெளிநாட்டு மருமகன் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் பயந்தார். அடுத்த வருஷம் பெப்ரவரியில் மகள் பிறந்தாள். ரஷ்யர்கள் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்ப்பார்கள். இவானின் மகள் இவானொவ்னா. பதிவுக் கந்தோரில் இருந்த அம்மாள் கேதீஸ்வரனின் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “வேறு சின்னப் பெயர் ஒன்றும் உங்களுக்கு இல்லையா?” என்று கேட்டாள். “இல்லை” என்றான். வேரா கேதீஸ்வரனொவ்னா என்று பதிவாயிற்று. அன்று முழுக்க அந்தப் பெயரை அவனும் கலீனாவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள்.

படிப்பு முடிந்த வெளிநாட்டு மாணவன் நாட்டைவிட்டுப் போயாகவேண்டும். 1971 ஜூலையில் அவன் புறப்பட்டான். ஆறு மாதத்தில் தாயும் பிள்ளையும் பின்னால் வருவதாக ஏற்பாடு. வெளியேறும் அனுமதிக்குப் பல காகிதங்கள் வேண்டும். அதில் ஒன்று, “என் மகள் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை” என்று அவளைப் பெற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கும் அது வேண்டும். தாய் எழுதிக் கொடுத்தாள். நிக்கலாய் மாட்டேன் என்றார்.

அந்த ஒரு காகிதத்துக்காக ஆறு வருஷம் போயிற்று.

முதல் மூன்று வருஷம் கொழும்பில், மீன் வைக்கும் குளிர்க் களஞ்சியத்தில் வேலை. ஆஸ்திரேலியா நிறம் பார்க்காமல் ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்தான். அங்கே போனால் குடும்பத்தை எடுப்பது சுலபம் என்று யாரோ சொன்னார்கள். 1974இல் சிட்னி. லெனின்கிராட் டிப்ளோமாவைப் பார்த்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டெக்னீசியன் வேலை கொடுத்தார்கள். லிட்கமில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தான். வீட்டுக்காரர் சோவியத்திலிருந்து தப்பி வந்த உக்ரேனிய முதியவர். இவன் ரஷ்யமொழி பேசக் கேட்டதும் அவர் முகம் முதலில் இறுகிற்று. பிறகு இவன் கதையைக் கேட்டு, வாடகையில் பேரம் பேசாமல் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த தெருவில் மகேந்திரராஜாவும் சத்தியபாமாவும் இருந்தார்கள். அவர் ரயில்வேயில் கிளார்க், அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களும் யாழ்ப்பாணம், மானிப்பாய்க்காரர். முழுக் கதையும் தெரிந்தவர்கள் அந்த இருவர்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை, மகளின் பிறந்தநாளுக்கு, கேதீஸ்வரன் தொலைபேசி அழைப்புப் பதிவு செய்வான். கலீனா வீட்டில் போன் இல்லை. அவள் தந்திக் கந்தோரில் பிள்ளையோடு வந்து காத்திருப்பாள். மூன்று நிமிஷம். “அப்பாவோடு பேசு” என்று கலீனா சொல்வது கேட்கும். அதன் பிறகு பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். அதைக் கேட்டுக்கொண்டே அவன் மிச்ச இரண்டு நிமிஷத்தையும் விட்டுவிடுவான்.

1977 ஒக்டோபரில் கடிதம் வந்தது. நிக்கலாய் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரு மனிதனின் சாவுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான் கேதீஸ்வரன். மனம் சந்தோஷப்பட்டது. அப்படிப் படுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அடுத்த நாளே விசாப் படிவங்களை வாங்கி, தன் பகுதியை நிரப்பிக் கலீனாவுக்கு அனுப்பினான். படிவங்கள் திரும்பி வரவில்லை. ஜனவரியில் நாலு வரிதான் வந்தது. ‘நீ ஒருமுறை வந்து போ. காகிதத்தில் எழுத முடியாத விஷயங்கள் இருக்கின்றன.’

அதை அவன் சத்தியபாமாவுக்குத் தமிழில் சொன்னான். “கடிதத்தை உடைச்சுப் பாக்கிறாங்கள் எண்டு பயப்பிடுறாள். அதுதான் எழுதேல்லை” என்றான்.

சத்தியபாமா கம்பளி நூல் கூடையை இழுத்து மடியில் வைத்தாள். பிறகு, “பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னித் தாறன். எட்டு வயசுக்கு என்ன உயரம் இருப்பாள்?” என்று கேட்டாள். கேதீஸ்வரன் கதிரையிலிருந்து எழுந்து, இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். சரியில்லை என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

ஓய்வு பெற்றவர்களின் சுற்றுலாக் கூட்டமொன்றோடு சேர்ந்து போனான். லெனின்கிராட்டில் நாலு நாள். முதல் நாள் மாலையே பழைய பிஷ்கி கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. அவன் அரை மணி நேரம் முந்திப் போய் மூலை மேசை அருகே நின்றான். கதவு திறந்தது. கலீனா மெலிந்திருந்தாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கறுத்த அடர்ந்த புருவத்தோடு ஒரு சிறுமி. அவன் காட்டிய உயரத்தைவிட ஒரு சாண் கூட.

சிறுமி முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் பழக்கியதுபோல நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னாள். “நீங்கள் விமானத்திலா வந்தீர்கள்? களைப்பாக இருக்கிறீர்களா?”

ரஷ்ய மொழியிலும் நீ உண்டு, நீங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தகப்பனை நீங்கள் என்றுதான் கூப்பிடும். கேதீஸ்வரனும் தன் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டான். ரஷ்யப் பிள்ளைகள் அப்படியல்ல. தாய்க்கும் தகப்பனுக்கும் நீ. நீங்கள் என்பது டாக்டருக்கு, ட்ராம் வண்டிக்காரருக்கு, தெருவில் வழி கேட்கும் ஆளுக்கு. பதினாலு வருஷத்துக்கு முன் முதல் பாடத்தில் படித்த அந்த வித்தியாசம், இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது.

“களைப்பில்லை” என்றான். “நீ பிஷ்கி சாப்பிடுவாயா?”

“நன்றி. உங்களுக்குச் சிரமமில்லை என்றால்.”

அடுத்த நாள் கலீனா தனியாக வந்தாள். இருவரும் நேவாக் கரையில் நடந்தார்கள். ஏப்ரல் மாதம். உடைந்த பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

“கேத்யா, செர்கேய் என்று ஒருவர்” என்று, அவள் அவனுக்கு வைத்த செல்லப் பெயரைச் சொல்லித் தொடங்கினாள். அந்த ஒரு வசனத்தில் அவனுக்கு மற்றதெல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் முழுவதையும் சொன்னாள். அவள் வேலை செய்யும் இடத்தில் வரைபடக்காரர். மூன்று வருஷமாகப் பழக்கம். அப்பா படுக்கையில் கிடந்தபோது தூக்கி வைத்துப் பார்த்தவர். வேராவுக்கு நிமோனியா வந்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்.

“எனக்கு எழுதியிருக்கலாம்.”

“எழுதினால் நீ அந்த வீட்டில் தனியாக இருந்து வாசிப்பாய். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேரே சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.”

“என்னோடு வருவதற்கு இப்போது தடையில்லையே, கலீனா.”

“நாலு வருஷத்துக்கு முன் தடையில்லாமல் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.” அவள் அழுதாள். “நான் உன்னை ஏமாற்றவில்லை, கேத்யா. காத்திருந்தேன். எந்த நாளில் காத்திருப்பது நின்றதென்று எனக்கே தெரியாது.”

விவாகரத்துக்கு அவன் சம்மதம் வேண்டும். அது மட்டுமில்லை. செர்கேய் வேராவைச் சட்டப்படி மகளாக எடுக்க விரும்புகிறார். எடுத்தால் அவள் வேரா செர்கேயெவ்னா ஆகிவிடுவாள்.

“விவாகரத்துத் தருகிறேன்” என்றான் கேதீஸ்வரன். “பெயரைத் தரமாட்டேன். எனக்கு அவளில் இருப்பது அது ஒன்றுதான்.”

கலீனா வாக்குவாதப்படவில்லை. “நாளைக்கு அவளோடு இரு” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் தகப்பனும் மகளும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார்கள். கங்காரு எவ்வளவு தூரம் பாயும் என்று வேரா கேட்டாள். அவன் செவன் ஹில்ஸில் கங்காருவே பார்த்ததில்லை என்றதும் அவளுக்கு ஏமாற்றம். வெள்ளைக்கரடியின் முன் நின்றபோது, சுற்றி வளைக்கத் தெரியாமல் அவன் நேரே கேட்டுவிட்டான்: “உன் பெயர் உனக்குப் பிடிக்குமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “போன வருஷம் எனக்குப் பரிசு கிடைத்தது. வாசிப்பில் முதலாவது. மேடையில் முழுப்பெயரையும் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியைக்கு வாசிக்க வரவில்லை. மூன்று தரம் தொடங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பிப் போகவில்லை.”

“பிறகு பரிசை யார் வாங்கினது?”

“செர்கேய் மாமா அடுத்த நாள் போய் வாங்கி வந்தார்.” அவன் முகத்தைப் பார்த்தவள் அவசரமாகச் சேர்த்தாள். “எனக்குச் சொல்ல வரும். அம்மா சொல்லித் தந்தார்.” நிமிர்ந்து நின்று, ஓர் எழுத்தும் பிசகாமல், தெளிவாகச் சொன்னாள். “கேதீஸ்வரனொவ்னா. சரியா? உங்களுக்குக் கவலையா?”

“மிகச் சரி” என்றான். “எனக்கு ஒரு கவலையும் இல்லை.”

நாலாம் நாள் காலை, காகிதங்களுக்குச் சட்டச் சான்று கொடுக்கும் நொத்தாரிசிடம் போனார்கள். ரஷ்ய மொழியிலும் அதற்கு ஏறத்தாழ அதே சொல்தான். கந்தோர் வாசலில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உயரமான ஒரு மனிதர் நின்றார். அவர்தான் செர்கேய். கேதீஸ்வரன் இரவு முழுக்க அந்த மனிதரை வெறுப்பதற்குத் தன்னைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். பார்த்தால், பரீட்சைக்கு வந்த மாணவனைப் போல அவருக்கு உதடு உலர்ந்திருந்தது.

“அவளுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன்” என்றார் செர்கேய்.

“தெரியும். நிமோனியாவைப் பற்றிக் கலீனா சொன்னாள்.”

முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டாவதை, மகளைத் தத்துக் கொடுக்கும் காகிதத்தை, அவன் தன் பக்கம் இழுத்தபோது கலீனா திடுக்கிட்டாள். “கேத்யா, நீ மாட்டேன் என்றாயே.”

“மேடைக்குப் போகவேண்டிய பிள்ளை” என்றான். “போகட்டும்.” அதிலும் போட்டான்.

சத்தியபாமா பின்னின சட்டை வேராவுக்குக் கை கட்டையாக இருந்தது. இருந்தும் அவள் அதைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் வாசலுக்கு வந்து, பஸ் திரும்பும் வரை கை காட்டினாள்.

சிட்னி விமான நிலையத்துக்கு மகேந்திரராஜாவும் சத்தியபாமாவும் காரோடு வந்திருந்தார்கள். மகேந்திரராஜா பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். அவன் நடந்து வந்த விதத்திலேயே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். கார் பரமட்டா ரோட்டில் திரும்பிக் கனதூரம் போனபிறகு, அவனே சொன்னான்: “எல்லாம் எழுதிக் குடுத்திட்டன், அண்ணை.”

“ம்” என்றார் மகேந்திரராஜா.

“அந்தாள் நல்ல மனுசன். நல்லா வைச்சிருக்கிறார்.”

முன் சீட்டில் இருந்த சத்தியபாமா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “பிள்ளை ஆரைப் போல, தம்பி?”

“எல்லாம் தாயைப் போல. புருவம் எங்கடை ஆக்களின்ரை. மற்றது…” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “நடக்கேக்கை வலது காலை உள்ளுக்கு வைச்சு நடக்கிறாள். நான் நடக்கிற மாதிரி. அவைக்கு அது ஏனெண்டு விளங்கேல்லை. சப்பாத்துப் பிழை எண்டு நினைச்சு மூண்டு சோடி மாத்திப் பாத்தவையாம்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷமாக வராத அழுகைதான் வந்தது. மகேந்திரராஜா காரை ஓரமாக நிறுத்தினார். லொறிகள் பக்கத்தால் இரைந்துகொண்டு போயின. சத்தியபாமா முன் கதவைத் திறந்து இறங்கி, பின் சீட்டில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.