தலையணைக்கு அடியில் வைத்த டிப்ஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் லுமுட் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் நான் சாப்பாடு பரிமாறினேன், என் அக்கா அறைகளைச் சுத்தம் செய்தாள். பீடோர் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் துண்டு போட்டு விற்ற பிறகு கிடைத்த வேலை. விருந்தாளிகள் தங்கல், சாப்பாடு, குடி, படகுச் சவாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டு வருவார்கள். வேலையாட்களுக்குத் தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று முகப்பில் பலகையே மாட்டியிருந்தது. எங்களுக்கானதும் அதிலேயே அடக்கமாம். அது எங்கே அடங்கியது என்பது முதலாளிக்கே வெளிச்சம்.

ஆனாலும் மனசுள்ள சிலர் கிளம்பும்போது தலையணைக்கு அடியில் காசு வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் நாகரிகமாம். கொடுப்பவர் வாங்குபவளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அக்கா அந்தக் காசை ஒருநாளும் தனக்கென்று எடுத்ததில்லை. சின்ன வயதில் அவள் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் வேலை செய்தவள். துரையம்மா வேண்டுமென்றே மேசையிலும் மெத்தையிலும் சில்லறையைப் போட்டு வைத்து, எந்தப் பெண் எடுக்கிறாள் என்று பார்ப்பாள். எடுத்த ஒருத்தியின் குடும்பத்தையே குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். தீபாவளிக்குத் துரை கொடுப்பதென்றால் கையில்தான் கொடுப்பார், நாங்களும் இரண்டு கையாலும் வாங்குவோம். கையில் கொடுக்காத காசு அக்காவுக்குப் பிறத்தியார் காசு. விருந்தாளி மறந்துவிட்டுப் போனதாக எண்ணி, அத்தனையையும் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இதை என்னிடம் சொல்லவும் இல்லை. அவளுக்கு அதெல்லாம் ஒரு சேதியே இல்லை.

இதற்கிடையில் அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. படுக்கை விரிப்பை மூக்கருகே பிடித்துத்தான் கறை தேடுவாள். கண்ணாடி போடு என்றால் அடுத்த சம்பளத்தில் என்பாள். அடுத்த சம்பளம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். கடைசியில், குளியல் தொட்டியில் முடி கிடந்தது என்று யாரோ புகார் சொல்ல, சூப்பர்வைசர் அவளை நிறுத்திவிட்டார். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவப் போனாள்.

சில வாரம் கழித்து, வருடா வருடம் வரும் ஓர் ஆஸ்திரேலியக்காரம்மா வந்தாள். அக்காவின் தம்பி நான் என்று அவளுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "உன் அக்கா கண்ணாடி வாங்கிக்கொண்டாளா? அதற்கென்றுதானே போன வருடம் நிறையவே வைத்துவிட்டுப் போனேன்."

இல்லையே என்றேன். அவள் சிரித்தாள்.

"பரவாயில்லை. வேறு ஏதாவது செலவு வந்திருக்கும்."

அந்தப் பெருந்தன்மை எனக்குச் சுருக்கென்றது. அறையில் கிடைப்பதெல்லாம் சூப்பர்வைசர் கைக்குத்தான் போகும். நேராக அவரிடம் போனேன். அவரும் நம்ம ஆள்தான், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியின் மகன். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"ஆமா, எல்லா ரூம் காசும் உங்கக்காதான் கொண்டாந்து கொடுத்தாங்க. நானா கேட்டேன்? தேடி யாரும் வரல. அப்புறம் என்னாலா பண்றது?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர்தான் வந்து வாயில் விழுந்தது என்கிறது. மறுநாள் நான் வேலைக்கு வருவதற்குள் அந்தம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

லீவு நாளில் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய், கடையின் பின்பக்கத்தில் வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசரைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த மங்கை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்தம்மா, நான் காச எடுத்துத் தின்னுட்டேன்னுதானே நெனச்சிட்டுப் போயிருக்காங்க?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"நான் எடுக்கலன்னு சொன்னியா?"

"நான் சொல்லப் போறதுக்குள்ள அவங்க போயிட்டாங்கக்கா."

கண்ணாடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆபீஸ்ல அவங்க அட்ரஸ் இருக்கும்லா. வாங்கிட்டு வா, கடுதாசி போடுவோம். நான் அந்தக் காச எடுக்கலன்னு மட்டும் எழுதினா போதும்," என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. வேலை போன நாளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அட்ரஸ் இருந்தது சூப்பர்வைசரிடம். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"விருந்தாளி அட்ரஸ் வெளிய கொடுக்கக் கூடாது தம்பி, ரூல்ஸ்லா," என்றார்.