கடைசிப் பக்கத்துப் பென்சில்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறேன். எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். எதிரே போனில் படம் ஏற்றிக் கொடுப்பவனின் கடையில் கூட்டம் நின்றாலே வயிறு எரியும். ஆனால் ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே புதிதாகப் புத்தகம் விரித்தானே ஒருவன், அவனைப் பார்த்து எரிந்ததுபோல வேறு யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை. காரணம் டீச்சர்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறும் முன் என் கடையில் கால் மணி நேரம் நிற்பார். இரண்டு புத்தகம் எடுப்பார். தேர்தலைப் பற்றி, சம்பளப் பேச்சைப் பற்றி, புதிதாக வந்த படத்தைப் பற்றிப் பேசுவார். சனிக்கிழமை மட்டும் நான் இஸ்திரி போட்ட சட்டை போடுவேன்.

அந்த டீச்சர் ஆறு மாதமாகப் படிக்கட்டுக்காரனிடம் கை நிறைய வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு தலையாட்டலோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தார். அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு நாள் மழைக்கு ஒதுங்குவதுபோலப் போய்ப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். பாதிப் புத்தகத்தைத் தலைகீழாக அடுக்கியிருந்தான். சந்தோஷமாகத் திரும்பி வந்து இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

என் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மழை பிடித்தால் விடாது. பொலித்தீனுக்குக் கீழே உட்கார்ந்து, விலைபோகாத புத்தகங்களைப் படித்து, கடைசிப் பக்கத்தில் மனதில் பட்டதைப் பென்சிலால் எழுதிவைப்பேன். அவை எப்படியும் பழைய பேப்பர் கடைக்குப் போய்க் கச்சான் கடலை சுற்றத்தான் ஆகும், யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். வாயைத் திறந்தால் எனக்கு அந்தத் தைரியம் வராது. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து தன் கட்சிதான் கட்சி என்றால், ஆமாங்க. மற்றக் கட்சிக்காரர் வந்தாலும் ஆமாங்க. யாவாரம் நடக்க வேண்டாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை டீச்சர் நேரே என்னிடம் வந்தார். கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"அண்ணே, இத எழுதுனது யாருன்னு தெரியுமா? படிக்கட்டுக் கடையில இந்தப் பென்சில் எழுத்து இருக்கிற புஸ்தகமாத்தான் தேடி எடுக்கிறேன். பழைய பேப்பர் கடையில இருந்து வந்ததாம். படிக்கட்டுக்காரருக்கும் ஆளத் தெரியலையாம்."

என் எழுத்து. "சினிமாவில் எங்கள் மலை பாட்டுக்கு மட்டும்தான் வரும். கொழுந்துக் கூடையோடு ஆடுகிறவளின் காலை ஒரு அட்டைகூடக் கடிப்பதில்லை." அதற்குக் கீழே: "ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு லயத்து வீட்டு வாசலில் தலைவர் மாலை போட்டார். கூரை ஒழுகுவதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மாலையை வாங்கி வந்ததே நான்தான்."

நான்தான் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். மாலை போட்ட அதே தலைவர் என் பக்கத்தில் பத்திரிகை புரட்டிக்கொண்டு நின்றார். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.

"தெரியலீங்களே டீச்சர்" என்றேன்.

"ஒங்களுக்கு எங்கண்ணே தெரியப்போகுது, நீங்க எல்லாருக்கும் ஆமாங்க போடுற ஆளு" என்று டீச்சர் சிரித்தார். "தெரிஞ்சா சொல்லுங்க. அந்த மனுசன்கிட்ட ஒரு தடவ பேசணும்."

என்னிடம் இதைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

படிக்கட்டுக்காரன் மேல் இருந்த எரிச்சல் அன்றோடு தீர்ந்தது. இப்போது வயிறு எரிவது அந்தப் பென்சில்காரனை நினைத்துத்தான். சனிக்கிழமைகளில் இன்னும் இஸ்திரிச் சட்டையோடு நிற்கிறேன். டீச்சர் அவனைத்தான் தேடுகிறார்.