பாலத்தில் நிற்பவன்

செத்த பிறகும் ஒருவன் நின்றுகொண்டே இருக்கலாம் என்று எங்கள் விளையாட்டில் விதி எழுதியவன் நான். அதைக் கேட்டு வாங்கியவன் என் நண்பன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். பிழைத்தார்களா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவது நான். என் மனைவி மந்திரக்காரி. சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழன் திருடன். அதே கல்லூரியில் எங்களோடு படித்த இன்னொருவன் சார்ஜாவில் வேலையில் இருந்தான். அவன்தான் வாள் வீரன். அவனுக்கு நாற்காலி கிடையாது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு வருவான்.

விளையாட்டுக்கு வேண்டிய மாயப் பொருள்களையும் புதுவகை ஆட்களையும் நானே செய்வேன். குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனி லேபில் எனக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் யோசிப்பேன். ஒரு பொருளுக்குச் சக்தி கொடுப்பது சுலபம், அதற்கு என்ன பறிபோகும் என்று முடிவு செய்வதுதான் வேலை. போட்டு நடந்தால் தடம் விழாத செருப்பு ஒன்று செய்தேன். ஆனால் போட்டவனுக்கு வந்த வழி மறந்துவிடும். சத்தங்களைப் பிடிக்கும் மீன்வலை ஒன்று செய்தேன். பிடித்த சத்தம் கிழிசலில் ஒழுகி, தேவையில்லாத இடத்தில் கேட்டுவிடும். திருடனாக விளையாடுகிறவன் அந்த வலையால் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒருநாள் சார்ஜாக்காரன் கேட்டான்: "மச்சான், செத்ததுக்கு அப்புறமும் வேலை இருக்குற மாதிரி ஒரு ஆள் செஞ்சு குடுடா."

"பேயா?"

"பேயெல்லாம் வேணாம். யாரையும் பயமுறுத்தக் கூடாது. சும்மா நிக்கணும். தன் ஆளுங்க பத்திரமா தாண்டிப் போறவரைக்கும் நிக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த வகை ஆள் விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்பான். வாள் வீசமாட்டான், பசிக்காது, ஆனால் தீயது எதுவும் அவனைத் தாண்டி வராது. சொந்தக்காரர் ஒருவர் வந்து "போதும், போ" என்று சொன்னால்தான் கிளம்புவான். அடுத்த ஆட்டத்திலேயே அவன் அதைப் பயன்படுத்திக்கொண்டான். ஆற்றுப் பாலத்தில் எதிரிகள் சூழ்ந்தபோது, "நீங்க ஓடுங்கடா, நான் பாத்துக்குறேன்" என்று போனில் இரைந்து சிரித்தபடி தன் பாத்திரத்தைச் சாகக் கொடுத்தான். மறு வாரம் கதைக்குள் அவனுக்கு ஒரு சொந்தக்காரரைத் தேடிக் கூட்டிப்போய் அவனை விடுவிப்பதாகப் பேச்சு.

மறு வாரம் ஆட்டம் நடக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று அவனோடு அறையில் இருந்தவர் தகவல் சொன்னார். நெஞ்சுவலியாக இருக்கலாம் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சிதம்பரத்தில் அவன் வீட்டுக் கூடத்தில் சுற்றமெல்லாம் உட்கார்ந்து ஜனாஸா தொழுகையைப் போனில் பார்த்தது. படம் நின்று நின்று வந்தது. அவன் தங்கை மட்டும் பார்க்கவில்லை, உள்அறையிலேயே இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் விளையாட உட்காரவில்லை. நானும் மனைவியும் அந்த மேஜையில் சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை யார் நடுவில் வைத்தாலும் மற்றவர் சத்தமில்லாமல் ஓரத்துக்கு நகர்த்திவிடுவார்.

பல மாதம் கழித்துத் துணிக்கடை நண்பன் அந்தத் தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். இருபதைத் தாண்டிய பெண். நிதானமான பேச்சு. உட்கார்ந்ததும் கேட்டாள்: "அண்ணன் இப்ப எங்க இருக்குண்ணா?"

எனக்குப் புரியவில்லை. நண்பன்தான், "கேம்ல கேக்குது" என்றான்.

"பாலத்துல நிக்கிறான்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது.

"அண்ணன் எல்லாம் எங்கிட்ட சொல்லியிருக்கு. நான் அங்க போகணும். எனக்கும் ஒரு ஆள் செஞ்சு குடுங்க. சண்டையெல்லாம் வேணாம். போய்ப் பேசுற மாதிரி ஒரு சாமான் மட்டும் இருந்தாப் போதும்."

"அவனுக்குப் பதிலா நான்தாம்மா பேசணும்" என்றேன்.

"தெரியும்ண்ணா. ஆனா பொய் சொல்லக் கூடாது. அப்படி எழுதிடுங்க." கொஞ்சம் பொறுத்து, "அம்மாவுக்குச் சொல்லல. மவுத்தானவங்களோட பேசுறேன்னு கேட்டா பயந்துடுவாங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் அதே யோசனை. முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். குடிகாடு நெருங்கி ஜன்னல் வழியே கம்பெனிகளின் மருந்து நெடி ஏறும்போது மறுபடி விதியைத் திருத்திக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒரு செம்பு செய்தேன். அதிலிருந்து தண்ணீர் ஊற்றினால், ஒழுகும் நேரம் வரை இறந்தவர் பேசுவார். பொய் சொல்ல மாட்டார். ஊற்றிய தண்ணீர் திரும்பக் கிடைக்காது.

அவள் மறுபடி வந்த ஞாயிறு வெளியே தூறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். கதைக்குள் மந்திரக்காரியும் திருடனும் அவளும் காட்டைக் கடந்து பாலத்துக்கு வந்தார்கள். அவள் பகடையைத் தொடவில்லை. செம்புக்குப் பதில் தண்ணீர் பாட்டிலை எடுத்து டம்ளரில் மெல்லிசாக ஊற்ற ஆரம்பித்தாள்.

அவனாக நான் பேச வேண்டும்.

"வலிச்சுதாண்ணே?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் கூடாது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். டம்ளர் பாதி நிறைந்தது.

"தூங்கிட்டிருந்தேன் புள்ள" என்றேன். "ஞாபகம் இல்ல."

தங்கையை அவன் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் வாயில் அப்படித்தான் வந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை. டம்ளர் வழிந்து, காகிதத்தில் நான் நீல மையால் வரைந்திருந்த ஆறு கரைந்து ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

"போதும், போன்னு சொல்லும்மா" என்றான் துணிக்கடை நண்பன், தணிந்த குரலில். "சொன்னா அவன் கெளம்பிடுவான்."

அவள் பாட்டிலை நிமிர்த்தி மூடினாள். "இன்னைக்கு வேணாம்ண்ணா. இருக்கட்டும்."

அவர்கள் கிளம்பிப் போனதும் மனைவி மேஜையைத் துடைத்தாள். "அது உங்க குரலே இல்ல" என்றாள். நடித்தேன் என்றேன். "உங்களுக்கு நடிக்கத் தெரியாது. எத்தன வருஷமாப் பாக்குறேன், ராஜா பேசினாலும் பூதம் பேசினாலும் நீங்கதான் பேசுவீங்க. இனிமே அத மட்டும் செய்யாதீங்க." அவள் முகத்தில் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வார்த்தைகளை மறுபடி சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது.

ஞாயிறு ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தங்கை சிதம்பரத்திலிருந்து தவறாமல் வருகிறாள். நன்றாக விளையாடுகிறாள். பேச்சால் காரியத்தை முடிப்பதில் எங்களில் யாரும் அவளுக்கு ஈடில்லை. அந்தச் செம்பை அவள் மறுபடி எடுக்கவில்லை, தூக்கியும் போடவில்லை. கதை ஆற்றுப் பக்கம் திரும்பினால் நான் ஒரு சந்தையையோ, வழிதவறிய யானையையோ கொண்டுவந்து வேறு திசைக்கு இழுத்துப்போகிறேன். எல்லோருக்கும் தெரிகிறது.

இந்த வருடம் ஐப்பசியில் கடலூரில் விடாமல் மழை. பஸ் நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் விளையாட்டின் உலகத்தில் எங்கே மழை பெய்ய வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவன் நிற்கும் பாலத்தின் மேல் இதுவரை ஒரு சொட்டுகூட விழ விடவில்லை.