ஏற்றத்தில் ஐந்தாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலை நண்பர்களே, இன்று நடந்ததை இன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

ரயில்பாதையைப் பார்வையிடத் துரையோடு சுங்கை பூலோ பக்கம் போயிருந்தேன். வழக்கம்போல் துரையும், அவர் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியான நானும் தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் உட்கார்ந்திருந்தோம். நான்கு பேர் தள்ளினார்கள்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில், தள்ளியவர்களில் ஒருவரான முனியாண்டி நிறுத்தினார்.

"கிராணி ஐயா, மழையில தண்டவாளம் வழுக்குது. இந்த மேட்டுக்கு இன்னொரு ஆள் வேணும்னு தொரகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். துரை தலையைத் திருப்பாமலே, "ஸ்டீப்" என்றார்.

அந்த இங்கிலீஷ் சொல்லுக்குச் செங்குத்தான மேடு என்றும் பொருள், அடுக்காத கோரிக்கை என்றும் பொருள். மேட்டை அவர் பார்க்கவே இல்லை.

முனியாண்டி மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

"முடியாதுங்கிறாரு, அவ்வளவுதானே? தள்ளுங்கப்பா."

பாதி மேட்டில் டிராலி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஈரத்தில் பிரேக்கும் பிடிக்கவில்லை.

"விட்றாதீங்கடா!"

முனியாண்டியின் வெறுங்கால் சரளைக்கல்லில் இழுபட்டது. கல்லில் ரத்தம். நான் குதித்துத் தோள் கொடுத்தேன். ஐந்து பேராய் முக்கித் தள்ளிய பிறகுதான் அது மேலே ஏறியது.

உச்சியில் துரை குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: "இந்த ஏற்றத்துக்கு நான்கு பேர் போதும்."

நாளைக் காலை அதை நான்தான் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். நான்கு என்று எழுதட்டுமா, ஐந்து என்றா?

பதில் எழுதப் பலகையில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தைரியமாக எழுதுங்கள், துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.