மூன்று ஆடி வெள்ளிகள் நாங்கள் கும்பிட்ட புகை

என் மகள் தேவிகா ஈசூன் ரயில் நிலையத்தில் விழுந்தது சென்ற வருடம் ஆடி மாதம் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். வெளியே வரும் வழியில் பயண அட்டையைத் தட்டினாள். இரண்டு அடி வைத்தாள். முழங்கால் மடங்கியது. தோள்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அவளை அழைத்துப்போக வந்த நான் அந்த நிமிடம் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கைகூப்பினேன். "தாயே, இங்கே வேண்டாம். வீட்டுக்கு வா" என்றேன்.

பிள்ளை தரையில் துடிக்கிறாள், தகப்பன் கும்பிடுகிறான். காரணம், அதற்கு முந்தைய மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் பிடோக்கில் என் அக்கா வீட்டில் நடந்த ஆடிப் பூசையில் அவள் இப்படித்தான் ஆடினாள். உடுக்கை அடித்தார்கள். குலவை போட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். வந்திருந்த பெண்கள் வரிசையாகக் காலில் விழுந்து குறி கேட்டார்கள். ஒருவர் மகனுக்கு வேலை கிடைக்குமா என்றார். தேவிகாவின் தலை தொய்ந்து ஆடியது. கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் வரும் நேரம், போகும் நேரம் எழுதியவன் நான். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நாட்குறிப்பு எழுதுகிறேன். மூன்று வெள்ளிக்கும் நேரம் போட்டு, "அம்மன் நம் குடும்பத்துக்கு வந்தாள்" என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

ரயில் நிலையத்தில் என்னை விழிக்க வைத்தவர் கையில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு மலாய் அம்மா. தேவிகாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு என்னை முறைத்தார். "அங்கிள், வாட் யூ ப்ரே ப்ரே? திஸ் ஒன் கேபாட் லா. மை சிஸ்டர் சன் சேம் சேம்."

கேபாட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். செய்தித்தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கிற மருந்தை மின்சிகரெட்டில் கலந்து விற்கிறார்கள். தள்ளாட்டம், நாக்குழறல், உடல் உதறல், நினைவு தப்புதல், எல்லாம் படித்திருந்தேன். படித்தது அடுத்தவர் பிள்ளைகளைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில நிமிடங்களில் எழுந்துவிட்டாள். "மதியம் சாப்பிடலப்பா, தலை சுத்திருச்சு" என்றாள். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னாள். நான் நாட்குறிப்பைத் திறந்தேன். மூன்று வெள்ளியும் சாங்கியில் சரக்கு அலுவலகத்து வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்று முறையும் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போன சில நிமிடங்களில் சாமி வந்திருக்கிறது. என் கையெழுத்துதான். நேரத்தோடு நானே எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட அதைச் சேர்த்துப் படிக்கவில்லை.

எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். மாம்பழ வாசனையும் திராட்சை வாசனையும் சேர்த்து மயக்க மருந்தை விற்கிறவர்கள் மேல் ஆத்திரம். அந்தப் புகையை இழுத்துவிட்டு வந்த பிள்ளையின் காலில் விழுந்த எங்கள் மேல் அதைவிட ஆத்திரம்.

மறுநாள் புதன்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் இறங்கி, அம்மன் சன்னிதியில் நின்றேன். பூ வாங்கவில்லை. அர்ச்சனைச் சீட்டும் வாங்கவில்லை. சண்டை போடத்தான் போனேன். "மூன்று வாரம் உன் பெயரைச் சொல்லி இது நடந்தது. நீ எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாய்? இனி எனக்குக் குறி வேண்டாம், வாக்கு வேண்டாம். போலீஸ் பிடிப்பதற்கு முன், அவள் மூச்சு நிற்பதற்கு முன், அவள் வாயாலேயே உண்மை வரட்டும். அது ஒன்று போதும்" என்றேன்.

வியாழக்கிழமை உண்மை வரவில்லை. தேவிகா கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி சொல்லி அக்காவுக்கு விஷயம் தெரிந்து தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கண்டதையும் பேசாத. சாமி வந்த பொண்ணு. அப்படியே நீ சொல்றது நெஜமா இருந்தாலும் ஊருக்கு அனுப்பு, ஆறு மாசம் சித்தப்பா வீட்ல இருக்கட்டும். இங்க யார் காதுலயும் விழக்கூடாது. நாளைக்குக் கூட்டிட்டு வா, மஞ்சள் சேலை எடுத்து வச்சிருக்கேன். நாப்பது பேர் வர்றாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

"உங்க நாப்பது பேருக்காக எம்பொண்ணு சாகணுமாக்கா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அக்கா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தேவிகா வேலைக்குப் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு அறையிலிருந்து வந்து, நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் பேனா அளவு கருவி ஒன்றை வைத்தாள்.

"நான் அத்தை வீட்டுக்கு வரலப்பா. சாமி எல்லாம் இல்ல. பாத்ரூம்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்தேன்."

"தெரியும்மா" என்றேன்.

"தெரியாதுப்பா உங்களுக்கு. ரெண்டாவது வாரமே பயந்துட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிரலாம், ஹெல்ப் கேக்கலாம்னுதான் வாயத் திறந்தேன். நாக்கு வரல. நீங்க எலுமிச்சம்பழத்த வச்சு அடைச்சிட்டீங்க."

பழத்தைப் பிழிந்தது என் கைதான்.

அவள் நிறுத்தவில்லை. அலுவலகத்தில் இதை விற்கும் ஆள், திங்கட்கிழமை ஒரு பொட்டலம் தருவதாகவும், இருவரிடம் சேர்த்துவிட்டால் போதும் என்றும் சொல்லியிருக்கிறான். இவள் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். "சும்மா கைமாத்தி விடுறதுதானே, நான் விக்கலையேன்னு நெனச்சேன்பா."

இந்த நாட்டில் அந்த மருந்து இப்போது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. பயன்படுத்திப் பிடிபட்டால் அபராதம், கட்டாய மறுவாழ்வு, கண்காணிப்பு. அடுத்தவருக்குக் கொடுத்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சிறை. ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. வேலை அனுமதியில் வந்தவர் என்றால் அனுமதி போகும், திரும்பி இங்கே கால் வைக்க முடியாது. ஊருக்கு அனுப்பிவை என்கிறார்களே, அங்கே போய்ப் பயன்படுத்தினாலும் குடிமக்களை இந்தச் சட்டம் விடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். பெற்ற பெண்ணிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து சொன்னேனா என்றால், இல்லை.

அதே மேசையிலிருந்து, போதையை விட நினைப்பவர்களுக்கான உதவி எண்ணை அழைத்தோம். பேசியது அவள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிடிபடும் முன் தானாக வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்று மறுமுனையில் சொன்னபோது அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். திங்கட்கிழமை பொட்டலம் வாங்கப் போகவில்லை. மருத்துவமனைக்குப் போனோம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி மந்தமாகிவிட்டது, இன்னும் சில மாதம் போயிருந்தால் சாதாரணக் காய்ச்சலே உயிரைக் கேட்டிருக்கும் என்றார் மருத்துவர். ஏழு மாதம் சிகிச்சை, ஆலோசனை. நடுவே ஒரு முறை வழுக்கினாள். அன்றே அவளாக வந்து சொன்னாள். அந்த விற்பனைக்காரன் தீபாவளிக்கு முன் பிடிபட்டான். திங்கட்கிழமைப் பொட்டலத்தை இவளுக்குப் பதில் வாங்கிச் சென்றவரும் இன்று உள்ளே இருக்கிறார். அவருக்கும் ஒரு தகப்பன் எங்கோ இருப்பார். அதை நினைக்கும்போது என் நன்றியை என்னால் சத்தமாகச் சொல்ல முடிவதில்லை.

இந்த வருடம் ஆடி முதல் வெள்ளிக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். தேவிகாவே போக வேண்டும் என்றாள். உள்ளே நுழைந்ததும் ஓர் அம்மா எலுமிச்சம்பழத்தோடு எழுந்து வந்தார். "மருமகளுக்கு எப்ப நல்ல சேதின்னு கேட்டுச் சொல்லும்மா."

தேவிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஆன்ட்டி, போன வருஷம் எனக்கு வந்தது அம்மன் இல்ல. போதை. உங்க கால்ல நான்தான் விழணும், மன்னிச்சிருங்க."

உடுக்கை நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரம் கழித்துப் பின்வரிசைப் பெண் ஒருவர் தேவிகாவைத் தேடிச் சமையலறைக்குப் போனார். நான் தண்ணீருக்காகப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். "என் மருமகனும் இப்படித்தான் உதறுறாரும்மா. நாங்க கண்ணேறுன்னு சுத்திப் போட்டுக்கிட்டு இருக்கோம். யாருக்குப் போன் பண்ணணும்?" தேவிகா அவருடைய தொலைபேசியை வாங்கி, தானே எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தாள்.

இதைப் படிக்கும் அடியவர்களே, நான் சன்னிதியில் கேட்டது ஒரு வீட்டுக்கான உண்மை. தாய் இரண்டு வீட்டுக்குக் கொடுத்தாள். உங்கள் பிள்ளை துடித்தால் தயவுசெய்து உடுக்கையை எடுக்காதீர்கள். அம்மனிடம் மனம்விட்டு வேண்டுங்கள், சண்டை போட்டாவது வேண்டுங்கள். பிறகு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயோ அவள் வாயோ திறக்கும்போது அதை அடைக்காமல் கேளுங்கள்.