ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொட்டகையில் ஒரு பாலைவனம்

வெள்ளிக்கிழமை காலை.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் பேருந்து ஆறே காலுக்குப் புறப்படும் என்றார்கள். புறப்பட்டபோது ஏழு. அதுவரை நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம்.

அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். துபாயில் இரண்டு வருட வேலை ஒன்று கூடி வந்திருந்தது. அடுத்த வாரம் பம்பாய் போய் ஏஜென்டிடம் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் மைசூரில் இருக்கும் அக்காவிடம் சொல்லிக்கொண்டு வரத்தான் இந்தப் பயணம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கேட்டவர்களிடமெல்லாம் நானும் மகிழ்ச்சி என்றே சொல்லி வந்தேன்.

பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் எனக்குத் தலை சுற்றியது. முன் இருக்கையில் இருந்த அம்மாள் கேட்காமலே ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, மோந்து பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஆசனூரில் நாற்பது காசுக்கு டீ. அந்தக் குளிருக்கு அமிர்தம். பிறகு காடு மெலிந்து, பெயர்ப் பலகைகள் கன்னடத்துக்கு மாறின. சாம்ராஜ்நகரில் ஏறியவர்கள் எங்கள் மடிமேல் ஒரு வெற்றிலைக் கூடையை வைத்துவிட்டு நிம்மதியாக நின்றார்கள். அங்கிருந்து மைசூர் அறுபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ராகிக் கொல்லை, நடுநடுவே தென்னந்தோப்பு.

ஊருக்குள் நுழையும்போதுதான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். இரும்பு முட்கள் பற்றவைத்த ஒரு லாரி. கண்ணாடி மாட்டிய ஒருவன், பின்னால் புழுதி கிளப்பி வரும் மோட்டார் சைக்கிள் கூட்டம். என்னையறியாமல் இவர் கையைப் பிடித்துவிட்டேன்.

என்னவென்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். உலகம் அழிந்துபோய் எங்கும் பாலைவனமாகி, மிச்சமிருக்கும் சனங்கள் தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் வண்டியில் துரத்தி அடித்துக்கொள்ளும் படங்கள் எனக்கு உயிர். கோபியில் அக்காமார்களோடு அப்படி ஒன்றைப் பார்த்து, ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அந்தப் படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். இவர் பாதியில் புகுந்து முடிவைச் சொன்னார். கோயமுத்தூரில் அதையே மூன்று தடவை பார்த்தாராம்.

ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிருக்கிறது. கண்டக்டர் "இளிரி, இளிரி" என்று இறங்கச் சொல்லி இரண்டு தடவை கத்திய பிறகே நாங்கள் எழுந்தோம்.

பகல்.

என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். மல்லிகை வாசமும் வாழைப்பழ வாசமும் அந்த வீட்டுக்குள் வாடகை தராமல் தங்கியிருந்தன. அவர் கணவருக்கு ரயில்வேயில் வேலை. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய தாத்தா காலத்திலேயே மைசூருக்கு வந்துவிட்ட குடும்பம் என்பதால், அவர் தமிழில் மூன்றில் ஒரு பங்கு கன்னடம்.

அன்று மாலை அரண்மனை, மறுநாள் சாமுண்டி மலை என்று நங்கையா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தம்பி இரண்டு வருடம் கண்ணில் படமாட்டான் என்று சொல்லிச் சொல்லி ஒபட்டு, அதாவது நம்மூர்ப் போளி, பரிமாறினார். இவர் தயங்கித் தயங்கி சுவரொட்டியைப் பற்றி எடுத்தார். அண்ணன் சாப்பாட்டில் கைவைத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அரண்மனை இங்கயேதான் இருக்கும் பா, ஆமேல பாத்துக்கலாம். இங்கிலீஷ் படம் ஒரே வாரத்துல போயிடும், கொத்தா?"

ஆமேல என்றால் அப்புறம், கொத்தா என்றால் தெரியுமா என்று அர்த்தம். அவர் சொன்னது சரிதான். மூன்று மணிக்கு நால்வரும் தியேட்டர் வாசலுக்குப் போனபோது, ஒருவர் ஏணிமேல் நின்று அந்த மணல்மேல் ஒரு குடும்பப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை ஈரத்தில் கடைசியாக மறைந்தது லாரியின் முன் சக்கரம். எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. ஒரு படத்துக்காகவா அழுவார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது படத்துக்காக மட்டும் வந்த அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எதிரே கௌரம்மா என்று ஒரு பெண்மணி பீடாக் கடை வைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கர்நாடக எல்லையோர ஹனூர்க்காரர், பேச்சு அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. இருபது வருடமாக அந்தத் தியேட்டரில் வந்த ஒரு படத்தையும் விட்டதில்லையாம்.

"படப் பெட்டி நேத்தே ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருச்சுங்க. ஆத்துக்கு அக்கட்ட, கரும்புக் காட்டோரம் டென்ட் கொட்டாயி. இருட்டுனாத்தான் ஆட்டம். இப்பப் பஸ் ஏறுனா எடம் கெடைக்கும்."

மாலை.

பதினாறு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய் டிக்கெட். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தபோது ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ரங்கநாதர் கோபுரத்துக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நங்கையா கோபுரம் இருந்த திசையில் கும்பிட்டு, சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் கோயிலுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கொட்டகை என்றால் நான்கு பக்கமும் தட்டி, மேலே ஒட்டுப்போட்ட கான்வாஸ். தரை ஒரு ரூபாய், பெஞ்சு ஒன்றரை, நாற்காலி இரண்டு. பெஞ்சு வாங்கினோம். கரும்பு வெட்டி நேராக வந்தவர்கள் அரிவாளை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். படத்தில் இங்கிலீஷில் பேசுவதை அவர் கன்னடத்தில் சொல்வார். அதை அண்ணன் எங்களுக்குத் தமிழில் சொல்வார். திரையில் ஒருவன் இரண்டே வார்த்தை பேசினான். மைக்காரர் ஒரு நிமிடம் விளக்கினார். அண்ணன் அதற்குமேல் தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். வில்லனின் தோல் உடுப்பையும் கொம்பு வைத்த தொப்பியையும் பார்த்து, இந்த வெயிலில் இதைத் துவைப்பது யார் என்று நங்கையா கேட்டார். முன் வரிசை திரும்பிச் சிரித்தது.

கதை எளிது. பாலைவனத்தின் ஒரு முனையில் ஒரு கிணறு. மறு முனையில் தாகத்தோடு ஒரு கூட்டம். நடுவில் தண்ணீர் லாரியைத் தனியாக ஓட்டிப் போகிறான் ஒருவன். வழியெல்லாம் கொள்ளைக்காரர்கள். ஓர் இடத்தில் அவன் வண்டியை நிறுத்தி, அதன் அடியில் நிழலில் உட்கார்ந்து தகர டப்பாவிலிருந்து எதையோ எடுத்துத் தின்கிறான். சுற்றிலும் மணலைத் தவிர ஒன்றுமில்லை. மைக்காரர் குரலைத் தாழ்த்தினார். பாவம், இவனுக்கு யாருமே இல்லையாம் என்றார் அண்ணன்.

"யாரும் இல்லாம இருக்க மாட்டாங்க. விட்டுப்போட்டு வந்திருப்பான்" என்றார் இவர், யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் மழை பிடித்தது. கான்வாஸின் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொங்க ஆரம்பித்தது. திரையில் கொள்ளைக்காரர்கள் லாரியைச் சுற்றி வளைத்து ஒரு சொட்டுத் தண்ணீருக்காக அலறிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் கூரை பிய்ந்து குடம் குடமாகக் கொட்டியது. கொட்டகை முழுக்க எழுந்த சிரிப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. நனைந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். படத்தை நிறுத்தி, கூரையைக் கட்ட ஆள் ஏற்றினார்கள்.

வெளியே டீக்கடைத் தாழ்வாரத்தில் நானும் இவரும் ஒதுங்கி நின்றோம். நங்கையாவும் அண்ணனும் போண்டா வாங்கப் போயிருந்தார்கள். சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"ஏனுங்க, துபாய்க்குப் போகோணும்னு உங்களுக்கு ஆசைதானுங்களா?"

"உனக்கு ஆசைன்னு அம்மா சொன்னாங்க."

"நான் சொல்லவே இல்லீங்களே."

"வேண்டாம்னும் சொல்லலியே."

"நீங்க சந்தோசமா இருந்தாப்பல இருந்துதுங்க. அதைக் கெடுக்க மனசு வரலீங்க."

அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மழை கரும்புத் தோகைமேல் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேண்டாம் அம்மிணி. பண்ணாரி ரோட்டுல ஒரு ஷெட்டு காலியா இருக்குது. எடுத்து நடத்தலாம்னு ரெண்டு மாசமா நெனைப்பு. ஆர்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் உள்ளே மணி அடித்துவிட்டது. ஈரப் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தோம். கடைசித் துரத்தலில் மைக்காரர் விளக்குவதை விட்டுவிட்டு ஸ்டூல்மேல் ஏறி விசில் அடித்தார். லாரி ஊர் போய்ச் சேர்ந்ததும், முன்பின் தெரியாத ஒரு கரும்புக்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், இவரே ஓட்டி வந்ததுபோல.

சனிக்கிழமை.

காலையில் இவர் தபாலாபீசுக்குப் போய்ப் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க வெகு நேரம் ஆனது. கிடைத்ததும், வரவில்லை என்பதை மார்க்கெட்டுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார். விஷயம் தெரிந்து நங்கையா அழுதார், சிரித்தார், பிறகு இன்னொரு முறை ஒபட்டுக்கு மாவு பிசைந்தார்.

நேராகக் கௌரம்மா கடைக்குப் போய், இதேபோல் அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டோம். அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, படத்தில் எது பிடித்தது என்று திருப்பிக் கேட்டார். இவருக்கு வண்டிகள். அப்படியென்றால் மோட்டார் சைக்கிள் பந்தயப் படம் ஒன்று அடுத்த வாரம் வருகிறது, விடாதீர்கள் என்றார். நங்கையாவுக்கு வில்லன், அவருக்கு வாள் சண்டைப் படம். எனக்குப் பிடித்தது, அத்தனை தூரம் தனியாக வந்தவனுக்கு அந்த ஊரில் ஒரு கிழவி சோறு போட்டது. கௌரம்மா கொஞ்சம் யோசித்து, பக்கத்துத் தெருவில் ஓடும் பனிப் பிரதேசப் படத்துக்குப் போகச் சொன்னார். அங்கேயும் உலகம் அழிந்துதான் கிடக்கிறது, ஆனால் இரண்டு பேராக நடக்கிறார்கள் என்றார். மதிய ஆட்டத்துக்கே போனோம். மணலுக்குப் பதில் பனி. மற்றபடி அதே பயம், அதே சுகம். அரண்மனையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை.

திரும்பும் வழியில் வாய் ஓயவில்லை. ஷெட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலிருந்து, பெட்ரோல் தீர்ந்துபோன உலகத்தில் மெக்கானிக்குக்கு மரியாதை இருக்குமா என்பதுவரை பேசினோம். திம்பம் இறக்கத்தில் கீழே பவானிசாகர் நீர் பளபளத்தது.

மைசூரில் வெள்ளிக்குவெள்ளி படம் மாறும். எங்கள் ஊரில் அங்கே ஓடித் தேய்ந்த படம் ஆறு மாதம் கழித்து வரும். மாமியாருக்கும் எங்கள்மேல் இருந்த கோபம் ஆற ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்தது. கையில் வந்த துபாயை ஒரு சினிமாவுக்காக விட்டுவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லி வந்தார். மணல் படம் சத்தியமங்கலத்துக்கு வந்தபோது, வற்புறுத்தி அவரையும் அழைத்துப் போனோம். அவர் பார்த்த முதல் இங்கிலீஷ் படம். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். லாரியைச் சுற்றி வளைத்தபோது என் தொடையை இறுக்கிப் பிடித்தவர், கடைசிவரை விடவே இல்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று மகனைப் பார்த்துக் கேட்டார்:

"இதாட்டம் வேற என்ன படம்டா இருக்குது?"